ஆண்டுக்கொரு வேர்

புலம்பெயர்ந்த எங்களுடைய பேச்சில் வேர் என்ற சொல் மிக அதிகமாகப் புழங்குகிறது. மேடையில் பேசுபவர் எங்களை வேரோடு பிடுங்கி எறியப்பட்டவர்கள் என்கிறார். கவிதை எழுதுபவர் வேர்களைத் தேடி அலைகிறார். தமிழ்ப் பாடசாலை ஆண்டுவிழாவில் பெற்றோர் ஒருவர் எழுந்து, பிள்ளைகள் வேரில்லாமல் வளர்கிறார்கள் என்று கவலைப்படுகிறார். அரசியல் பேசுபவருக்கோ வேர் ஒரு காணி உறுதி. எங்கள் வேர் இத்தனை ஆயிரம் ஆண்டு ஆழத்தில் இருக்கிறது, ஆகவே மண் எங்களுடையது என்கிறார்.

இந்தப் பேச்சுகள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மரம் நிற்கிறது. ஒரே இடத்தில் ஊன்றி, ஒரே வேரால் உயிர் வாழ்ந்து, அந்த வேர் அறுந்தால் பட்டுப்போகிற மரம். மனிதனை அந்த மரமாக வைத்துப் பார்த்தால் சில முடிவுகள் தாமாகவே வந்துவிடுகின்றன. இடம் பெயர்ந்தவன் பாதி செத்தவன். புது இடத்தில் வேர் விடுபவன் பழைய இடத்துக்குத் துரோகம் செய்பவன். ஆழ வேரோடியவனுக்கு மண்ணில் கூடிய உரிமை, பிந்தி வந்தவனுக்குக் குறைந்த உரிமை. உவமை என்று தொடங்கிய ஒன்று இப்படி ஒழுக்கத் தீர்ப்பாக முடிகிறது. யார் நல்லவன், யார் துரோகி, யார் இருக்கலாம், யார் போகவேண்டும் என்பதையெல்லாம் ஒரு மரம் தீர்மானிக்கிறது.

அந்தத் தீர்ப்புகளை வேறொரு தாவரத்தை முன்னால் வைத்து விசாரித்துப் பார்க்க விரும்புகிறேன். அது மரமல்ல, முழங்கால் உயரத்துக்கு வளரும் ஒரு கோரை.

நான் ஊரில் தாவரவியல் படித்தது இரண்டு வருடங்கள். மூன்றாம் வருடத்தில் படிக்கக்கூடிய நிலைமை இருக்கவில்லை. இப்போது ஒஸ்லோவில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு. அன்று நகரத்துக்கு வடக்கே இருக்கும் காட்டுக்குள் நடப்பது வழக்கம். நடக்க நடக்க ஓரிடத்தில் ஊசியிலை மரங்கள் விலகும், சதுப்புநிலம் திறந்து கிடக்கும். யூன், யூலை மாதங்களில் அந்தச் சதுப்பு முழுவதும் வெள்ளைப் பஞ்சு பூத்து நிற்கும். நோர்வேஜியர் அதை மீருல் என்கிறார்கள். மீர் என்றால் சதுப்பு, உல் என்றால் கம்பளி. நாங்கள் வளர்ந்த இடங்களில் இந்தச் செடி இல்லை. ஆகையால் எங்களிடம் இதற்குப் பெயரும் இல்லை. பஞ்சுக்கோரை என்று வைத்துக்கொள்வோம்.

கோரை என்று சொல்வது தோற்றத்தைப் பார்த்து மட்டுமல்ல. குளக்கரையில் முளைக்கும் கோரை, பாய் இழைக்கும் கோரை, தோட்டத்தில் பிடுங்கப் பிடுங்க வரும் கோரைக்கிழங்கு எல்லாம் சைபரேசியே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. பஞ்சுக்கோரையும் அதே குடும்பம்தான். இதன் பேரினப் பெயர் எரியோபோரம். கம்பளியைத் தாங்குவது என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். லின்னேயஸ் 1753 இல் வெளியிட்ட நூலிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. இங்கே நான் காண்பவை பெரும்பாலும் இரண்டு இனங்கள். ஒன்று நிலத்துக்கடியில் தண்டு ஓடிப் பரவுவது. அதன் நுனியில் பல பஞ்சுத் தலைகள் சாய்ந்து தொங்கும். மற்றது நெல்லைப்போல அடர்ந்து தூர் கட்டி வளர்வது. அதன் ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஒரே ஒரு பஞ்சுத் தலை நிமிர்ந்து நிற்கும்.

பஞ்சு என்று சொன்னாலும் இது பருத்தியின் பஞ்சு அல்ல. பருத்தியில் பஞ்சாவது வித்தின் தோலிலிருந்து நீளும் மயிர். காயும்போது அது முறுக்கேறுகிறது. அந்த முறுக்குத்தான் ஒரு இழையை மற்ற இழையோடு பிணைத்து நூலாக்குகிறது. பஞ்சுக்கோரையில் பஞ்சாக நீள்வது பூவுறை. இந்தப் பூவுக்கு நிறமுள்ள இதழ்கள் கிடையாது. இதழ் இருக்கவேண்டிய இடத்தில் நுண்ணிய முட்கள் போன்ற மயிர்கள் இருக்கின்றன. மகரந்தத்தைக் காற்றே கொண்டுபோவதால் பூச்சிகளுக்குக் காட்ட அழகு தேவையில்லை. பூத்து முடிந்த பிறகுதான் அந்த மயிர்கள் நீண்டு வளர்ந்து, வித்தைக் காற்றில் ஏற்றி அனுப்புகின்றன. இவை நேராக இருக்கும், இலகுவில் முறியும், நல்ல நூலாக நூற்க வராது. தலையணைக்குள் அடைத்திருக்கிறார்கள், விளக்குக்குத் திரியாக்கியிருக்கிறார்கள். அதற்குமேல் பெரிய உபயோகம் இல்லை.

இனி இது நிற்கும் நிலத்தைப் பார்ப்போம். சதுப்பில் நீர் தேங்கி நிற்பதால் மண்ணுக்குள் ஒட்சிசன் இல்லை. இறந்த செடிகள் முழுதாக உக்குவதில்லை. பாதி உக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கி, பீற் என்னும் கறுத்த படையாகின்றன. ஒரு வருடத்தில் அது ஒரு மில்லிமீற்றர் அளவு அல்லது அதற்கும் குறைவாகவே உயர்கிறது. ஒரு மீற்றர் ஆழம் என்றால் ஆயிரம் வருடக் கணக்கு. உக்காததால் நைதரசன், பொசுபரசு போன்ற உணவுகளும் அந்தப் படைக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கின்றன. மூச்சும் இல்லை, சாப்பாடும் இல்லை. அகதி முகாம் என்று சொல்லலாம்.

மூச்சுக்குப் பஞ்சுக்கோரை கண்ட வழி, உடலுக்குள்ளேயே குழாய் அமைப்பது. இலையிலிருந்து வேர் நுனி வரைக்கும் காற்றறைகள் தொடர்ந்து ஓடுகின்றன. மேலேயிருந்து ஒட்சிசன் அவற்றின் வழியாக வேருக்கு இறங்குகிறது. வேர்தான் செடியைத் தாங்குகிறது, வேரிலிருந்துதான் உயிர் மேலே ஏறுகிறது என்று நாம் எழுதிவருகிறோம். இங்கே இலை அனுப்பும் மூச்சில்தான் வேர் பிழைத்திருக்கிறது. மாதக் கடைசியில் ஊருக்குக் காசு அனுப்புகிற எவருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதே குழாய் வழியாகச் சேற்றிலுள்ள மெதேன் வாயு மேலே வருவதும் உண்டு. தொடர்பு என்று ஒன்று இருந்தால் நல்லது மட்டும் அதில் போய்வருவதில்லை.

சாப்பாட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. முதிரும் இலையிலிருந்து உணவை மீட்டெடுத்து இளம் இலைக்குக் கொடுக்கிறது. மண்ணில் நைதரசன் உப்புகளாக மாறும்வரை காத்திராமல், அமினோ அமிலங்களையே நேராக உறிஞ்சுகிறது. தாவரங்களால் அப்படி அதிகம் செய்யமுடியாது என்பதுதான் பாடப்புத்தகம் சொல்லிவந்தது. தூர் கட்டும் பஞ்சுக்கோரை அப்படித்தான் வளர்கிறது, அதையே கூடுதலாக விரும்புகிறது என்று 1993 இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இப்போது வேருக்கு வருகிறேன். அலாஸ்காவின் வடக்குக் கரையில், அக்காலத்தில் பரோ என்றும் 2016 முதல் உட்கியாக்விக் என்றும் அழைக்கப்படும் ஊரில், ஈரத் துந்திரா நிலத்துச் செடிகளின் வேர்கள் எவ்வளவு காலம் வாழ்கின்றன என்று ஆராய்ந்து 1975 இல் வெளியிட்டார்கள். பக்கத்தில் வளரும் வேறு செடிகளின் வேர்கள் பல வருடங்கள் வாழ்ந்தன. பஞ்சுக்கோரையின் வேருக்கு ஆயுள் ஒரு வருடம்தான். தூர் கட்டும் இனத்திலும் அப்படியே. அங்கே கீழ்நிலம் எப்போதும் உறைந்தே கிடக்கும். கோடையில் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகும். இளகும் எல்லையைப் பின்தொடர்ந்து புது வேர்கள் கீழே இறங்கும். குளிர் வந்ததும் அவை இறந்துவிடும். அடுத்த கோடையில் மறுபடி முழுவதும் புதிய வேர்கள்.

ஆனால் செடி இறப்பதில்லை. ஒரு தூர் நூறு ஆண்டுகளுக்கு மேலும் அதே இடத்தில் வாழும். நூறு வருடத்தில் நூறு தடவை வேர் விட்டு, நூறு தடவை வேரை இழந்து, அதே செடியாக அது நிற்கிறது. அதனுடைய வேர் எது என்று கேட்டால் எதைக் காட்டுவது? இந்த வருடத்து வேரையா, போன வருடத்ததையா? அந்தச் செடிக்கு வேர் ஒரு சொத்தல்ல. ஒவ்வொரு கோடையும் திரும்பச் செய்யவேண்டிய ஒரு வேலை.

இதை ஒருநாள் வேலை முடியும் நேரத்தில் எங்கள் குசினியில் மூத்தவரான ஓர் அண்ணைக்குச் சொன்னேன். அவர் இருபது வருடத்துக்கு மேலாக இங்கே கோப்பை கழுவி, பிறகு சமையலுக்கு உயர்ந்தவர். தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "குளிருக்குத் தானாச் சாகிற வேர் வேற, கோடாலியால வெட்டுப்பட்ட வேர் வேற, தம்பி. நீர் ஒரு புல்லைக் காட்டி எங்களைச் சமாதானப்படுத்தப் பாக்கிறீர்."

அவர் சொன்னது சரியான மறுப்பு. இயற்கையாக இறப்பதும் வெட்டப்படுவதும் ஒன்றல்ல. புதிதாக வேர் விட ஒரு செடியால் முடியும் என்பது, அதை வெட்டியவனின் குற்றத்தைக் குறைக்காது. காயம் ஆறுகிறது என்பதற்காகக் குத்தியவனை யாரும் மன்னிப்பதில்லை. இன்னுமொரு மறுப்பும் உண்டு. ஒன்று இப்படி இருக்கிறது என்பதிலிருந்து, அது இப்படி இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு நேராகத் தாவமுடியாது என்று டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார். கோரை எதையோ செய்கிறது என்பதால் மனிதனும் அதைச் செய்யவேண்டும் என்று ஆகிவிடாது.

இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தாவரத்தை முதலில் சாட்சிக்கு அழைத்தவர்கள் நாங்கள். மரத்தைக் காட்டி, பெயர்ந்தவன் பட்டுப்போவான் என்று சொன்னது நாங்கள். ஹியூமின் எச்சரிக்கை அந்த மரத்துக்கும் பொருந்தும். கோரையிடமிருந்து நான் கேட்பது கட்டளையல்ல. வேர் என்றால் இப்படித்தான் இருக்கும், வேறு விதமாக இருக்க முடியாது என்ற எங்கள் உறுதியை அது தளர்த்துகிறதா என்று மட்டுமே பார்க்கிறேன். தளர்த்துகிறது.

அண்ணையின் கேள்விக்கு, வெட்டிப் பெயர்த்த பஞ்சுக்கோரைகளின் கதையும் ஒன்று இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஷேவர், பெச்சர், சாப்பின் முதலிய ஆய்வாளர்கள் அலாஸ்காவில், தெற்கே ஈகிள் கிறீக்கிலிருந்து வடக்கே புரூடோ குடா வரைக்கும், ஆறு இடங்களில் தோட்டங்கள் அமைத்தார்கள். ஓரிடத்துத் தூர்களைத் தோண்டியெடுத்து மற்ற இடங்களில் நட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொந்த இடத்திலும் நட்டார்கள். முப்பது வருடங்களுக்குப் பிறகு கணக்குப் பார்த்து 2012 இல் வெளியிட்டார்கள். சொந்த இடத்துச் செடிகளுக்கு அங்கே ஓர் அனுகூலம் இருந்தது. வந்த செடிகளைவிட அவை கூடுதலாகத் தாக்குப்பிடித்திருந்தன.

இதை மறைக்கக்கூடாது. சொந்த இடம் என்பது வெறும் கற்பனை என்று சொல்கிற நாகரிகப் பேச்சு ஒன்று இப்போது இருக்கிறது. கோரைக்குக்கூட அது கற்பனை இல்லை. எந்த வெயிலில் எப்போது துளிர்ப்பது, எப்போது அடங்குவது என்பதைப் பல தலைமுறையாகப் பழகிய உடல் அது. நாற்பது வயதை நெருங்கும் எனக்கும், கார்த்திகை பிறந்ததும் மழையை எதிர்பார்க்கும் ஓர் உடம்பு இருக்கிறது. இங்கே கார்த்திகையில் விழுவது பனி. அந்த உடம்பின் ஏக்கத்தைப் பழமைவாதம் என்று யாராவது சிரித்தால் அவரோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை.

ஆனால் அந்த ஆய்வு அங்கே முடியவில்லை. அதே தோட்டங்களின் கணக்கை வேறு விதமாகப் பார்த்து 2015 இல் இன்னொரு முடிவு வெளிவந்தது. காலநிலை வெப்பமாகிவருவதால், ஒவ்வொரு இடத்துச் செடிக்கும் மிகப் பொருத்தமான காலநிலை ஏறத்தாழ 140 கிலோமீற்றர் வடக்கே நகர்ந்துவிட்டது. செடி நகரவில்லை, அதன் ஊர் நகர்ந்துவிட்டது. பிறந்த இடத்தை விட்டு ஓர் அங்குலமும் அசையாத செடியும், தன்னுடைய காலநிலையை இழந்து ஒருவகையில் வெளியூரில் நிற்கிறது.

ஊருக்குப் போய்வந்தவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வீடு இருந்தது, ஆனால் அது வீடாக இல்லை என்பார்கள். அங்கேயே இருந்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஊர் மாறிப்போச்சு என்பது பெயர்ந்தவனின் புகார் மட்டுமல்ல. ஆகவே அங்கே இருப்பவனுக்கு வேர் உண்டு, இங்கே இருப்பவனுக்கு இல்லை என்று பிரிப்பது சரிவராது. இரண்டு பேரும் நகர்ந்துவிட்ட நிலத்தில் ஒவ்வொரு வருடமும் புது வேர் விடவேண்டியவர்களே.

வேரைப் பற்றி யோசித்த ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய், போர்க்காலத்தில் இலண்டனில் அகதியாக இருந்தபோது, 1943 இல், வேரூன்றலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த வருடமே 34 வயதில் இறந்துபோனார். நூல் 1949 இல் வெளிவந்தது. வேரூன்றுவது மனித ஆன்மாவின் மிகப் பெரிய தேவைகளில் ஒன்று என்பது அவருடைய கருத்து. ஆனால் மனிதனுக்கு ஒரு வேரல்ல, பல வேர்கள் தேவை என்றும் சொன்னார். எங்களை உறுத்தவேண்டிய இன்னொன்றையும் சொன்னார். வேரறுந்தவன் மற்றவர்களை வேரறுக்கிறான்.

எங்கள் வரலாற்றில் இதற்குத் தூரம் போய்த் தேடவேண்டியதில்லை. மலைநாட்டுத் தோட்டங்களில் நூறு வருடத்துக்கு மேலாக உழைத்த மக்களின் வழிவந்தவர்களை, 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. உங்களுக்கு இங்கே வேர் ஆழமில்லை என்பதுதான் அதற்குள் இருந்த வாதம். 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். தலைமுறை தலைமுறையாக எங்களோடு தமிழ் பேசிய அயலவர்கள் அவர்கள். முதலாவதைச் செய்தது அரசு. இரண்டாவது எங்கள் பெயரால் நடந்தது. இரண்டிலும் ஒரே மரம்தான் தீர்ப்புச் சொன்னது. யாருடைய வேர் ஆழம் என்று அளந்து மண்ணைப் பங்கிடத் தொடங்கினால், கடைசியில் யாரோ ஒருவர் இரண்டு மணித்தியாலத்தில் பெட்டி கட்டவேண்டிவரும்.

வேரை இப்படி வருடாவருடம் சாகவிட்டால் நினைவு என்ன ஆகும் என்று கேட்கலாம். சதுப்பு அதற்கும் பதில் வைத்திருக்கிறது. இறந்த வேர்களும் இலையடிகளும் எங்கும் போய்விடுவதில்லை. அவைதான் பீற் ஆகின்றன. பல ஆயிரம் வருடப் பழைய படையைத் தோண்டினாலும் பஞ்சுக்கோரையின் நார்களை அடையாளம் காணமுடிகிறது. இந்தக் கோரை நிற்கும் நிலத்தில் ஒரு பங்கு அதன் முன்னோர்தான். மறக்க முடியாத நிலமும் அதுதான். 1950 இல் டென்மார்க்கில் பீற் வெட்டியவர்கள் ஒரு மனிதனின் உடலைக் கண்டார்கள். முகம் தூங்குவதுபோல் இருந்ததால், அண்மையில் கொல்லப்பட்டவன் என்று எண்ணிப் பொலிசுக்கு அறிவித்தார்கள். அவன் இறந்து இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாகியிருந்தது. கழுத்தில் தோல் கயிறு அப்படியே இருந்தது. நினைவு என்றால் அப்படி இருக்கவேண்டும். எங்களுக்குச் செய்யப்பட்டதையும் எங்களில் சிலர் செய்ததையும், கயிற்றோடு சேர்த்து வைத்திருக்கவேண்டும். அதன்மேல்தான் புது வேர் இறங்கவேண்டும்.

இறந்தது நிலமாவதற்கு இன்னொரு பயனும் உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்ரருக்குக் கிழக்கேயுள்ள பெனைன் மேட்டுநிலங்களில், ஆலைகள் பெருகிய காலத்து நிலக்கரிப் புகை சதுப்பின் பாசியைக் கொன்றது. காட்டுத்தீயும் மேய்ச்சலும் மிச்சத்தைச் செய்தன. கறுத்த பீற் வெறுமையாகி மழையில் கரைந்து ஓடியது. உலகத்துக்கே பருத்தித் துணி நெய்த நகரத்தின் புகை அது. 2003 முதல் அங்கே நடந்துவரும் மீட்பு வேலையில், வெறும் பீற்றைப் பிடித்து நிறுத்த நடப்படும் செடிகளில் ஒன்று, நூலுக்கு உதவாத இந்தப் பஞ்சுக்கோரை. அது நிலத்தை ஓடவிடாமல் பிடித்திருக்க, பாசி மெல்லத் திரும்பி வருகிறது.

எங்கள் பிள்ளைகளை வேரில்லாதவர்கள் என்று சொல்வதை நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். அவர்கள் எங்கள் வேராக இருக்கப் பிறந்தவர்களல்ல. தங்கள் வேரை அவர்களே, தங்கள் கோடையில், தங்கள் நிலத்தில் விடுவார்கள். நாங்கள் அவர்களுக்குக் கொடுக்கக்கூடியது நிலம். மொழியைக் கொடுக்கலாம், கதையைக் கொடுக்கலாம், அந்தக் கதையில் எங்களுக்கு வெட்கமான பகுதியையும் மறைக்காமல் கொடுக்கலாம். அதற்கு முதல் எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைத் தெரிந்துகொள்வது, வாக்குப் போடுவது, எங்களுக்குப் பிறகு சோமாலியாவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்து எங்களோடு கோப்பை கழுவுகிறவனுக்கு வேலையைச் சொல்லிக் கொடுப்பது. இந்த வருடத்து வேர் இவைதான். அடுத்த வருடம் திரும்பவும் விடவேண்டும்.